நீலம் என்றால் களிமண்ணா?

ஃப்ளோரிடாவில் அடியில் இருக்கும் சுண்ணாம்புக்கல் கரைந்து, மேலே களிமண்ணும் மணலும் மூடிக் கிடக்கும். 1981 மே மாதம் வின்டர் பார்க் ஊரில் சுமார் 100 மீட்டர் அகலத்துக்கு நிலம் உள்வாங்கியது. இப்படிப்பட்ட இடத்தில் தரையில் வரிசையாகக் கம்பி அடித்து, மின்சாரம் செலுத்தி, மின்தடைப் படம் எடுப்பார்கள். களிமண் நீலம், பாறை சிவப்பு. பார்க்க அழகா இருக்கும். அந்த அழகு மேலதான் எனக்குச் சந்தேகம்.

அளவீட்டில் கிடைப்பது எண்கள் மட்டும். அவற்றைப் படமாக்கும் மென்பொருள், பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் முடிந்தவரை ஒத்துப்போக வேண்டும் என்ற நிபந்தனையோடு கணக்குப் போடுகிறது. பாறையும் களிமண்ணும் கத்தியால் வெட்டியதுபோலப் பிரிந்திருந்தாலும் படத்தில் நடுவே பச்சை, மஞ்சள்னு ஒரு பட்டை வரும். அதைச் 'சிதைந்த பாறை' என்று எழுதினால் எப்படி? மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் சொல்றேன்: அது டிஃபால்ட் செட்டிங்காகவும் இருக்கலாம். கூர்மையான எல்லையை அனுமதிக்கும் கணக்குமுறையும் உண்டு. அதையும் ஓட்டி, இரண்டு படத்தையும் பக்கத்தில் வைக்கலாமே.

இன்னொன்று இதைவிடப் பெரிது. தண்ணீர் நிரம்பிய பொந்தும் களிமண் அடைத்த பொந்தும் பாறையைவிட எளிதாக மின்சாரத்தை விடும். படத்தில் ரெண்டுமே நீலம். மேலே வீடு கட்டுகிறவருக்கு வேண்டியதே அந்த வித்தியாசம்தான். களிமண் தண்ணீரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். பொந்து பெரிதாக, ரொம்ப ஆழமில்லாமல் இருந்தால் நுண் ஈர்ப்பு அளவீடு பிரித்துக் காட்டும். இல்லையா, நீலத்தின் நடுவில் ஒரு துளை போட்டே ஆகணும்.