பாட்டுக்கு வேண்டிய மூன்று: நாகூர் ஹனிஃபாவும் ஒரு திருப்பூர்ப் பாடகரும்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யாவு உலூமித்தீன்' என்னும் பெருநூலில் இசை கேட்டலின் ஒழுக்கங்களைக் கூறுவதற்கென்றே தனியொரு பகுதியை ஒதுக்கியுள்ளார்கள். ஸமாஉக்கு மூன்று இன்றியமையாதவை என்ற ஜுனைதுல் பக்தாதி (ரஹ்) அவர்களின் கருத்தை அப்பகுதியில் எடுத்துரைத்து விளக்குகிறார்கள். காலம், இடம், தோழமை என்பன அம்மூன்று. உணவோ தொழுகையோ வேறு கவலையோ உள்ளத்தை இழுக்கும் நேரம் கேட்பதற்குரிய காலமன்று. ஆள் நடமாட்டம் மிகுந்த தெரு கேட்பதற்குரிய இடமன்று. எவரைக் கண்டு நாம் நம் முகபாவத்தைக் காத்துக்கொள்ள நேருமோ அவர் கேட்பதற்குரிய தோழரல்லர். இம்மூன்றும் கேட்பவனுக்காகச் சொல்லப்பட்டவை. எனினும் ஆழ்ந்து நோக்கின் பாடுபவனுக்கும் இவையே அடிப்படை என்பது புலனாகும். இசைக்கருவி கூடுமா, கூடாதா என்னும் ஃபிக்ஹு விவாதம் இக்கட்டுரையின் பொருள் அன்று. அதுபற்றி அறிஞர்கள் விரிவாக எழுதியுள்ளனர். எவருடைய தயவுமின்றித் தாமே பாடி, தாமே பதிந்து, தாமே பரப்பும் இன்றைய இஸ்லாமியப் பாடகனுக்கு இம்மூன்றில் எது எஞ்சியிருக்கிறது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

இவ்வினாவை என்னுள் எழுப்பியவர் என் முன்னாள் மாணவர் ஒருவர். மதரஸாக் கல்வியை இடையில் நிறுத்திவிட்டுத் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் பேட்லாக் தைப்பவர். நல்ல குரல்வளம் உடையவர். ஒன்றரை ஷிப்டு வேலை. காலை எட்டரைக்குச் சென்றால் இரவு எட்டரைக்குத் திரும்புவார். சனிக்கிழமைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஞாயிறன்று வாடகை ஸ்டுடியோ ஒன்றில் நபிபுகழ்ப் பாடல்களைப் பதிந்து யூடியூபில் வெளியிட்டு வருகிறார். காங்கயம் சாலையில் ஒருநாள் மஃக்ரிபுக்குப் பின் அவரைச் சந்தித்தபோது, "பாடுவதற்கு நேரம் கிடைக்கிறதா தம்பி?" என்று வினவினேன். "பாடறதுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை போதுங்க ஹஜ்ரத். அதைப் பரப்பறதுக்குத்தான் மூணு வாரம் ஆகுது. பாட்டைப் பழகறதுக்கு நேரமே இல்லீங்க" என்றார். இம்மறுமொழியில் இன்றைய இசைவாழ்வின் முழுக்கணக்கும் அடங்கியுள்ளது எனலாம்.

முதற்கண் பதிவு என்பதை எடுத்துக்கொள்வோம். பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அபுல் ஃபரஜ் அல் இஸ்ஃபஹானீ தொகுத்த 'கிதாபுல் அகானீ' அரபு இலக்கியம் பயில்வோர் அனைவரும் அறிந்த நூல். ஹாரூன் ரஷீதுக்காகத் தெரிந்தெடுக்கப்பட்ட நூறு பாடல்களை அடித்தளமாகக் கொண்டு அது எழுந்தது. அப்பாடல்களின் தாளவகையையும் விரல்நிலையையும் அவர் குறித்திருக்கிறார். ஆயினும் அவற்றின் மெட்டு இன்று எவருக்கும் கிட்டாது. நமக்குக் கிட்டுவது பாட்டைச் சூழ்ந்திருந்த அவை. எந்த இரவில், எவருடைய இல்லத்தில், எந்தத் துயரின் பின்னர், எவர் கேட்கப் பாடப்பட்டது என்ற செய்திகள் அங்கே நிறைந்துள்ளன. ஒலியின்றி அவையைக் காத்த ஏடு அது. இன்றைய பதிவோ ஒலி முழுவதையும் காத்து, அவை முழுவதையும் இழந்துவிடுகிறது. இவ்விழப்பு தவிர்க்க இயலாததா? அன்று என்பதற்கு நம்மிடமே ஒரு சான்று உண்டு.

1925 டிசம்பர் 25இல் பிறந்து 2015 ஏப்ரல் 8இல் மறைந்த இசைமுரசு நாகூர் இ.எம். ஹனிஃபா அவர்களே அச்சான்று. அவர் பிறந்த அதே 1925ஆம் ஆண்டளவில்தான் குலாம் காதர் என்பார் திருப்பூரில் பின்னல் தொழிலுக்கு வித்திட்டார் என்று ஊர் வரலாறு கூறும். ஹனிஃபா முறையாக இசை பயின்றவர் அல்லர். அதே நாகூரில் தர்கா வித்வானாக விளங்கிய எஸ்.எம்.ஏ. காதர் அவர்களின் கர்னாடக இசைப்புலமையோடு ஒப்பிட்டால் ஹனிஃபாவின் இராக எல்லை குறுகியது என்பதை மறுப்பதற்கில்லை. இளமையில் பைத்து சபையிலும் திருமண ஊர்வலங்களிலும் பாடிப் பழகிய குரல் அவருடையது. வீதியின் இரைச்சலைக் கடந்து கடைசி வீட்டுத் திண்ணைக்கும் சொல் தெளிவாகச் சென்று சேர வேண்டும் என்பதே அக்குரல் பெற்ற பயிற்சி. அவர் பாடலில் ஓர் எழுத்தும் மங்கிக் கேளாது. அரபுச் சொற்களையும் தமிழ் நாவுக்கு ஏற்பத் தெளிவாக ஒலிப்பார். அவர்தம் தொடக்க ஆலாபனையின் நீண்ட ஏற்றம் கூட்டத்தை அமைதிப்படுத்தும் அறிவிப்பாகவே அமைந்தது. முரசு என்னும் பட்டம் அவ்வகையில் மிகப் பொருத்தமானது.

முரசுக்கு ஒரு குறையும் உண்டு. திராவிட முன்னேற்றக் கழக மேடைகளில் கட்சிப் பாடல் முழங்கிய அதே வீச்சு, நபிபுகழ்ப் பாடல்கள் சிலவற்றிலும் குறையாது ஒலிக்கும். குழைய வேண்டிய இடத்திலும் முழங்கும். இக்குறை நீங்கிய இடங்களே அவருடைய உயர்ந்த படைப்புகள். 'இறைவனிடம் கையேந்துங்கள்' அவற்றுள் தலையாயது. அது வடிவில் ஒரு முனாஜாத்து அன்று என்பது நோக்கத்தக்கது. இறைவனை விளித்து அது தொடங்கவில்லை. மக்களை விளித்து, இறைவன்பால் திருப்புகிறது. அறிவிப்பதற்கென்றே பழகிய குரல், தன் இயல்பை விடாமலேயே ஓர் இரப்பாக இறங்குகிறது. பன்மை ஏவலில் அமைந்த அவ்விளிப்புக்குள் எந்தச் சமயத்தவரும் அடங்குவர். பிற சமயத்தார் இல்லங்களிலும் அப்பாடல் விரும்பிக் கேட்கப்படுவதன் காரணம் இதுவே என்று கருதுகிறேன்.

அவருடைய வாழ்வில் பதிவுக்கு உரிய இடம் எது என்பதே நம் ஆய்வுக்கு முதன்மையானது. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். அம்மூன்று நிமிடம் அவருக்கு முழுப் பாட்டு அன்று. கச்சேரிக்கு அழைக்கும் ஓலை. தட்டைக் கேட்டவர்கள் ஊருக்கு அவரை அழைத்தார்கள். மீலாது விழாவிலும் கந்தூரி இரவிலும் திருமண வீட்டிலும் பாட்டு விரிந்தது. கேட்போர் விரும்பியதை மீண்டும் பாடினார். அங்கே தேறிய பாட்டு மறுபடியும் பதிவுக்குச் சென்றது. தமிழகத்துடன் நில்லாது இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் மேடைகளிலும் இவ்வாறே நிகழ்ந்தது. பதிவு அவைக்கு ஏவல் செய்தது.

திரையுலகை அவர் நம்பி வாழவில்லை. 1961இல் 'பாவமன்னிப்பு', 1992இல் 'செம்பருத்தி', 1997இல் 'ராமன் அப்துல்லா' எனச் சில படங்களிலேயே அவர் குரல் ஒலித்தது. கட்சியோடு அவர் பிணைந்திருந்தார் என்பது உண்மை. 1957இல் நாகப்பட்டினத்திலும் 2002இல் வாணியம்பாடி இடைத்தேர்தலிலும் நின்று தோற்றார். மேலவை உறுப்பினராகவும் வக்ஃபு வாரியத் தலைவராகவும் இருந்தார். இப்பிணைப்பு அவர் கலையைச் சில வேளை ஒற்றைத் தொனியாக்கியது என்று மேலே குறித்தோம். ஆயினும் அது ஒப்பந்தத்தால் வந்த கட்டு அன்று, கொள்கையால் வந்தது. தம் பாட்டை எங்கே, எப்போது, எவர்முன் பாடுவது என்ற முடிவு அவர் கையில் இருந்தது. ஜுனைத் (ரஹ்) சுட்டிய மூன்றும் அவருக்கு வாய்த்திருந்தன.

அரபுலகில் உம்மு குல்ஸூம் அம்மையாரின் வாழ்வும் இதையே உணர்த்துகிறது. இமாமாகப் பணியாற்றிய தந்தையுடன் கிராமத்து வைபவங்களில் பாடித் தொடங்கியவர் அவர். இசைத்தட்டும் வானொலியும் திரைப்படமும் அனைத்தும் கைவந்த பின்னரும், மாதத்தின் முதல் வியாழன் இரவு அவையினர் முன் பாடுவதைப் பல்லாண்டுகள் விடாது நடத்தினார். வானொலி அதனை நேரலையாகப் பரப்பியது. ஒரு பாட்டே ஒரு மணி நேரமும் நீளும். அவையின் வேண்டுகோளால் ஓர் அடி பலமுறை திரும்ப வரும். பரப்புதல் வேறு, பாடுதல் வேறு என்ற பிரிவு அங்கே இல்லை.

இனி என் மாணவரிடம் மீள்வோம். அவருக்கு எந்த நிறுவனமும் எசமானன் இல்லை. இது சிறிய பேறு அன்று. நஷீத் பாடகர் சாமி யூசுஃப், நிறைவுறாத தம் பதிவுகள் தம் இசைவின்றி 2009இல் தொகுப்பாக வெளியிடப்பட்டதாகக் கூறி, அதனை வாங்க வேண்டாம் என்று தம் ரசிகர்களையே கேட்டுக்கொள்ள நேர்ந்தது. அத்தகைய இடர் இவருக்கில்லை. ஆனால் நிறுவனம் செய்த வேலை முழுவதும் இவர் தலைமேல் விழுந்திருக்கிறது. பாட்டைத் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். முகப்புப் படம் ஆக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுக்கள் தோறும் அனுப்ப வேண்டும். வாழ்த்தியவர்க்கும் வைதவர்க்கும் விடை எழுத வேண்டும். ஒன்றரை ஷிப்டு முடிந்து, இஷா தொழுது, உண்டபின் இப்பணி தொடங்கி நள்ளிரவைக் கடக்கிறது. 2018 முதல் யூடியூப் விளம்பர வருவாயில் பங்கு பெற ஆயிரம் சந்தாதாரரும், ஓராண்டுக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்பது பொதுவிதி. ஐந்து நிமிடப் பாட்டை 48,000 முறை முழுமையாகக் கேட்டால்தான் 4,000 மணி நேரம் நிறையும். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர் வீட்டிலும் ஒரு பீஸ் ரேட்டுக்கு அமர்கிறார். கூலி மட்டும் நிச்சயமில்லை.

இதன் விளைவு பாட்டிலேயே தெரிகிறது. அவருடைய அண்மைப் பாடல் ஒன்றைப் பலமுறை கேட்டேன். பல்லவியின் உச்சம் இருபது நொடிக்குள் வந்துவிடுகிறது. துண்டாக வெட்டிப் பரப்ப வசதியாக அவ்வாறு அமைத்ததாக அவரே கூறினார். சரணங்களில் மெட்டு வளரவில்லை. மூச்சுத் தட்டும் இடங்களை எதிரொலி மூடுகிறது. ஏற்ற இடங்களில் ஹனிஃபாவின் வீச்சைப் பின்பற்றுகிறார். ஆனால் அவ்வீச்சு ஊர்வலத்தின் தேவையால் பிறந்தது. காதில் செருகிய கருவிக்குள் அது வெறும் உரத்த ஒலியாகி விடுகிறது. இவை திறமையின்மையால் வந்த குறைகள் அல்ல. ஒரு மெட்டோடு பயனேதும் கருதாது பத்து நாள் உலவும் ஓய்வு இல்லாமையால் வந்தவை. இரண்டாம் சரணத்தில் மட்டும் ஓரிடத்தில் குரல் தானே தணிந்து, ஒரு சொல்லின்மேல் தயங்கி நிற்கிறது. அவ்விடத்தில் வேறு எவரையும் போலன்றி அவராகவே பாடுகிறார்.

அரபியில் 'ஃபராகு' என்னும் சொல் வெறுமையையும் குறிக்கும், ஓய்வையும் குறிக்கும். உடல்நலத்தையும் ஓய்வையும் மக்களில் பலர் இழந்து நட்டமடையும் இரு அருட்கொடைகளாக நபி (ஸல்) அவர்கள் எண்ணியதை நாம் அறிவோம். ஓய்வைச் சோம்பலாகக் கருதும் ஊரில் வாழ்கிறோம். எந்திரம் நின்றால் நட்டம் என்பது பின்னலாடைத் தொழிலின் நீதி. அதுவே மனிதனுக்கும் நீதியாகிவிட்டது. கேட்பவனுக்கும் இதே நிலைதான். ஒலிநாடாக் காலத்தில் ரமளான் இரவுகளில் தேநீர்க்கடை வாயிலில் நின்று ஒரு பக்கம் முழுவதையும் கேட்டுவிட்டு வீடு திரும்பியதுண்டு. இன்று காதர்பேட்டைக் கடைகளில் மூட்டை கட்டும் கைகளுக்கிடையே கைப்பேசியில் பாட்டு ஓடுகிறது. கஸ்ஸாலி இமாம் விலக்கிய நடமாட்டத் தெரு நம் ஒவ்வொருவர் சட்டைப்பைக்குள்ளும் வந்துவிட்டது.

இதில் என் பங்கையும் மறைப்பது முறையன்று. முதற்பாடலை அவர் எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டபோது, பாதியிலேயே நிறுத்தி 'மாஷா அல்லாஹ்' என்று எழுதி அனுப்பினேன். எங்கள் கல்லூரி மீலாது விழாவில் அவரைப் பாட அழைத்தேன். சொற்பொழிவுகள் எல்லாம் முடிந்து, நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிய வேளையில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, ஒரு பொன்னாடை போர்த்தி அனுப்பினேன். நாற்பத்தெட்டாயிரம் பேரைத் தேடி அவர் அலைவதற்கு, நாற்பது பேரை நாம் அமர்த்தித் தராததும் ஒரு காரணம்.

ஒரு பாடகனின் சுதந்திரம் பதிவின் உரிமை யாரிடம் உள்ளது என்பதோடு முடிந்துவிடுவதில்லை. அவனுடைய ஓய்வு யார் கையில் உள்ளது என்பதிலேயே அது நிலைபெறுகிறது. ஹனிஃபாவின் ஓய்வை அவருக்கு மீட்டுத் தந்தவை ஊர்கள். பாட்டைப் பரப்பும் சுமையை அவரை அழைத்த ஜமாஅத்துகளும் சபைகளும் ஏற்றுக்கொண்டன. அவர் பிறந்து நூறாண்டு 2025இல் நிறைவெய்தியது. அவரைப் போற்றும் வழி அவர் குரலைப் போலப் பாடுவோரைத் தேடுவதன்று. மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, கைப்பேசிகளை அணைத்து வைத்த முப்பது நாற்பது பேர், ஒரு கூடம், உரிய சன்மானம்: இவற்றை ஒரு ஜமாஅத் ஏற்பாடு செய்தால் போதும். காலம், இடம், தோழமை மூன்றும் அதில் அடங்கும். அடுத்த மாதம் அத்தகைய மாலை ஒன்றுக்கு என் மாணவரை அழைத்திருக்கிறேன். இம்முறை பாட்டு முதலில், சொற்பொழிவு பின்னர். இரண்டாம் சரணத்தில் அவர் தயங்கி நின்ற அந்த இடத்தை இன்னும் நீட்டிப் பாடும்படி மட்டும் கேட்டுக்கொண்டுள்ளேன்.