பழக்குவதும் பணியவைப்பதும்

தெஹிவளையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் மாலை வேளைகளில் நடப்போர் ஒரு காட்சியை அடிக்கடி காண்பர். உயர்ந்த மதில்; இரும்புப் படலை; அதில் 'கடிநாய் கவனம்' என்ற பலகை. படலைக்குப் பின்னால் குறுஞ்சங்கிலியில் கட்டுண்ட நாயொன்று. தபாற்காரர் வந்தால் அது குரைக்கும். குப்பை அள்ளவரும் மாநகரசபைத் தொழிலாளி வந்தால் சங்கிலியை இழுத்துக்கொண்டு பாயும். அதே நாய், சித்திரைப் புத்தாண்டிலோ தீபாவளியிலோ சீனவெடிச் சத்தம் கேட்டால், குரைப்பதை மறந்து, சங்கிலி எட்டும் மூலைக்குள் ஒடுங்கி நடுங்கும். வீட்டார் அதனைப் 'பொல்லாத நாய்' என்பர். நாம் அதனை அச்சமுற்ற நாய் என்கிறோம். பொல்லாதது என்று கொண்டால் அடியே மருந்து என்ற முடிவு உடனே வந்துவிடும். அச்சமுற்றது என்று கொண்டாலோ, எதற்கு அஞ்சுகிறது, ஏன் அஞ்சுகிறது என்று விசாரிக்க வேண்டியிருக்கும். பெயரிடும்போதே நாம் ஒரு பக்கம் சார்ந்துவிடுகிறோம்.

ஒரு நேரக் கஞ்சிக்கு மனிதர் அல்லாடும் நாட்டில் நாயின் மனத்தைப் பற்றி எழுதுவது யாருக்காக என்று நண்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நாய்க்கு இறைச்சியும் சமையற்காரிக்குப் பழஞ்சோறும் என்று நடக்கும் வீட்டின் நாயன்பை நாமும் வெறுக்கிறோம். ஆயினும் இரண்டு காரணங்களுக்காக இவ்விடயம் நம்முடையது. அஞ்சிய நாயின் பல் அதனை வாங்கிவந்த எசமானர் மீது பதிவதைவிட, படலையைத் திறக்கும் வேலைக்காரர் மீதும், தபாற்காரர் மீதும், ஒழுங்கையால் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை மீதும் பதிவதே எளிது. இது முதற்காரணம். நாயை எந்தத் தத்துவத்தால் பழக்குகிறோமோ அதே தத்துவத்தால்தான் குழந்தையையும் மாணவனையும் கூலியாளையும் பழக்க முயல்கிறோம் என்பது இரண்டாவது. 'அடியாத மாடு படியாது' என்ற பழமொழி மாட்டுத் தொழுவத்தில் பிறந்திருக்கலாம். அது வாழ்வது வகுப்பறையில்.

நமது இலக்கியம் இதிற் குற்றமற்றதன்று. நாலடியார் நட்பை ஆராயுமிடத்து யானையையும் நாயையும் ஒப்பிடுகிறது. நெடுநாட் பழகிய பாகனையே யானை கொல்லும். நாயோ தன் உடலில் எறிந்த வேல் தைத்திருக்கும் போதும் வாலை ஆட்டும். ஆதலின் நாய் போன்றாரின் நட்பே கொள்ளத்தக்கது என்பது அச்செய்யுளின் கருத்து. இழிந்ததென ஒதுக்கப்பட்ட விலங்கை உயர்த்திப் பேசிய துணிவை நாம் பாராட்டுகிறோம். ஆனால் எக்குணத்துக்காக அது உயர்த்தப்படுகிறது? வேலைப் பொறுத்துக்கொண்டதற்காக. வேலை எறிந்தவன் யார், ஏன் எறிந்தான் என்ற விசாரணை அங்கு இல்லை. யானை ஏன் கொன்றது என்ற கேள்வியும் இல்லை. அடிபட்டவனின் பொறுமையை அறமாக்கி, அடித்தவனை விசாரணைக்கு வெளியே நிறுத்தும் இப்பார்வை விலங்குகளோடு நின்றுவிடவில்லை என்பதைச் சமூக வரலாறு படித்தோர் அறிவர்.

இதற்கு மாறான பார்வையொன்றை ருசிய எழுத்தாளர் துர்கனேவ் 1852இல் எழுதி, 1854இல் வெளியான 'முமூ' என்ற சிறுகதையிற் காண்கிறோம். வாய்பேசாத, காது கேளாத பண்ணையடிமை கெராசிம், நீரில் அமிழ்ந்துகொண்டிருந்த நாய்க்குட்டியொன்றை மீட்டு வளர்க்கிறான். ஒருநாள் சீமாட்டி அந்நாயைத் தன் கூடத்துக்குக் கொண்டுவரச் செய்கிறாள். அறியாத இடம், அறியாத மனிதர். நாய் சுவரோடு ஒட்டி நடுங்குகிறது. சீமாட்டி தடவக் கை நீட்டியதும் பல்லைக் காட்டுகிறது. அவ்வளவே அதன் குற்றம். பின்னர் அதன் குரைப்புத் தன் உறக்கத்தைக் கெடுப்பதாகவும் அவள் முறையிட, கெராசிம் தன் கையாலேயே அதனை ஆற்றில் அமிழ்த்த நேர்கிறது. அதன்பின் அவன் சீமாட்டியின் வீட்டை விட்டுத் தன் கிராமத்துக்கு நடந்துவிடுகிறான். இக்கதையைப் பண்ணையடிமை முறைக்கு எதிரான குரலாக வாசிப்பது வழக்கம், அது சரியே. நாம் சேர்த்துக் கூற விரும்புவது ஒன்று. அஞ்சிய உயிரின் அச்சத்தை அவமரியாதை என்று வாசிப்பது அதிகாரத்தின் இயல்பு. துர்கனேவ் அதனை ஒரு நாயின் பல்லில் வைத்துக் காட்டிவிட்டார்.

இனித் தெஹிவளைக்கே திரும்புவோம். அடிக்காமல் பழக்குவது பற்றிய பேச்சில் இவ்வூருக்கு உள்ள தொடர்பு பலரும் அறியாதது. இங்குள்ள மிருகக்காட்சிச்சாலைக்கு வித்திட்டவர் ஜோன் ஹேகன்பெக் என்ற ஜேர்மானிய வணிகர். இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் அவர் நடத்திய விலங்குச் சேகரம் 1936இல் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. அவர் ஹம்பேர்க் நகரத்துப் பெரும் விலங்கு வணிகரான கார்ல் ஹேகன்பெக்கின் மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி. விலங்குப் பயிற்சியின் வரலாற்றில் தமையனின் பெயர் பெரிது. பழுக்கக் காய்ச்சிய இரும்பும் சவுக்கும் கொண்டு சிங்கத்தை வெருட்டிய காலத்தில், இறைச்சித் துண்டும் பொறுமையும் கொண்டு பழக்கலாம் என்று அவர் வாதித்தார். 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் அதனைச் செய்தும் காட்டினார். 1907இல் ஹம்பேர்க்குக்கு அருகே ஸ்ரெல்லிங்கனில் கம்பியில்லாத விலங்குத் தோட்டமொன்றைத் திறந்தார். மறு ஆண்டில் வெளியான, 'விலங்குகளையும் மனிதரையும் பற்றி' எனப் பொருள்படும் தலைப்புடைய அவரது நினைவு நூல், ஒவ்வொரு விலங்குக்கும் தனிக்குணம் உண்டென்றும், அதனை அறியாதவன் பழக்கத் தகுதியற்றவனென்றும் வற்புறுத்துகிறது.

இந்நூலின் பெருமையை நாம் குறைத்துக் கூறவில்லை. சவுக்கு எடுப்பவனைவிட இறைச்சி கொடுப்பவன் மேலானவன், இதில் ஐயமில்லை. ஆனால் அதே நூலின் மறுபக்கங்களை மூடிவைத்துவிட்டு அதனை வாசிக்க இலங்கையரான நம்மால் இயலாது. விலங்குகளைக் காட்டிய அதே வணிகம் மனிதரையும் காட்டியது. 1880களில் இத்தீவிலிருந்து ஆண்களும் பெண்களும் யானைகளோடும் மாடுகளோடும் சேர்த்துக் கப்பலேற்றப்பட்டு, ஐரோப்பிய நகரங்களில் காசுக்குக் காட்டப்பட்டனர். 1880இல் லப்ரடோரிலிருந்து அதே நிறுவனத்துக்காகக் கொண்டுசெல்லப்பட்ட எட்டு இனுவிற் மக்களும் அம்மை நோய்க்கு எதிரான பாற்கட்டல் உரிய காலத்திற் செய்யப்படாமையால், 1881 சனவரிக்குள் ஒருவர் மிஞ்சாமல் மாண்டனர். குட்டிகளைப் பிடிப்பதற்காகத் தாய் விலங்குகளைக் கொல்லும் வேட்டையும் இவ்வணிகத்தின் அடித்தளமாக இருந்தது. கண்காட்சி மேடையில் இரக்கம். சரக்கு வந்த வழியெங்கும் இரத்தம்.

இம்முரண்பாட்டை ஒரு தனிமனிதரின் பாசாங்கு என்று தள்ளிவிடுவது எளிது, அது போதாது. அடிக்காமல் சிங்கத்தை எவ்வாறு ஆடவைப்பது என்று ஹேகன்பெக் கேட்டார். நல்ல விடையும் கண்டார். சிங்கம் ஏன் ஆடவேண்டும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கடையை மூடியிருக்க வேண்டும். தெஹிவளையில் பல்லாண்டுகளாக மாலைதோறும் நடந்த யானை ஆட்டத்தைக் கண்டு பள்ளிப் பிள்ளைகள் கைதட்டியதும் அக்கேள்வி கேட்கப்படாத உலகத்திலேதான். கருவி மென்மையாகிவிட்டது, நோக்கமோ பழையபடி பணிவுதான். பழக்குவதற்கும் பணியவைப்பதற்கும் உள்ள வேறுபாடு கையிலிருக்கும் பொருளில் இல்லை. யாருடைய தேவைக்காக அது நடக்கிறது என்பதில் இருக்கிறது.

நாயைப் பணியவைக்க வேண்டும் என்போர் விஞ்ஞானத்தின் பெயரால் ஓநாயைச் சாட்சிக்கு அழைப்பதுண்டு. ஓநாய்க் கூட்டத்தில் ஒரு தலைவன் அடக்கி ஆள்கிறான். ஆதலால் வீட்டு நாய்க்கும் மனிதன் அடக்கியாளும் தலைவனாக வேண்டும் என்பர். இக்கருத்துக்கு ஊற்றாய் அமைந்த ஆய்வை ருடோல்ஃப் ஷெங்கல் 1947இல் வெளியிட்டார். அவர் ஆராய்ந்தவை பாசல் நகர விலங்குத் தோட்டத்தில் அடைபட்டிருந்த ஓநாய்கள். இக்கருத்தைத் தமது நூலால் உலகெங்கும் பரப்பிய அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக், காட்டிலே ஓநாய்களோடு பல கோடைகளைக் கழித்தபின், 1999இல் அதனைத் திருத்தினார். இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாயும் தந்தையும் பிள்ளைகளும் கொண்ட குடும்பமே என்று அவர் எழுதினார். சிறையில் கண்ட சச்சரவு இயற்கையின் விதியாகப் போதிக்கப்பட்டு வந்தது. மனித சமூகத்தைப் பற்றியும் இவ்வாறான 'இயற்கை விதிகள்' எத்தனை நமக்குப் போதிக்கப்பட்டுள்ளன!

அச்சத்தின் தன்மையைப் பவ்லோவின் ஆய்வுகூடம் எதிர்பாராத வகையில் வெளிப்படுத்தியது. 1924 செப்டெம்பரில் லெனின்கிராட் நகரை வெள்ளம் சூழ்ந்தபோது கூண்டுகளிலிருந்த நாய்கள் மூழ்கும் தறுவாயில் மீட்கப்பட்டன. அவற்றுட் சில, பல மாதங்களாகக் கற்றிருந்ததை இழந்துவிட்டன. ஆய்வாளர்கள் பொறுமையோடு மீண்டும் பயிற்றித் தேற்றிய பின்னரும், கதவின் கீழாகச் சிறிது நீரை ஓடவிட்டதும் ஒரு நாய் பழைய கலக்கத்துக்குள் வீழ்ந்தது. அந்நாய் கீழ்ப்படிய மறுத்தது என்று யாராவது கூறுவரா? அதன் நரம்பு மண்டலமே அந்நேரம் கற்பதற்கு இயலாத நிலையில் இருந்தது. சீனவெடிக்கு நடுங்கும் தெஹிவளை நாயின் நிலையும் இதுவே. அந்நிலையில் விழும் அடி ஒன்றையே கற்பிக்கும்: வெடியும் கொடியது, எசமானனும் கொடியவன்.

ஆகவே தேவையை முதலில் வைக்கும் பயிற்சி கட்டளையிலிருந்து தொடங்குவதில்லை. நோவு உண்டா என்று மிருக வைத்தியரிடம் காட்டுவது முதற்படி. காதுநோவும் மூட்டுநோவும் எத்தனையோ 'பொல்லாத' நாய்களை உண்டாக்கியிருக்கின்றன. போதிய உறக்கம், நடை, முகர்ந்து திரிய இடம், அச்சம் வந்தால் ஒதுங்க ஒரு மறைவிடம் ஆகியன அடுத்தவை. அதன்பின்பே பயிற்சி. தபாற்காரரைக் கண்டு பாயும் நாயை, அது பாயாமல் பார்க்கக்கூடிய தூரத்தில் நிறுத்தி, அவர் தோன்றும்போதெல்லாம் விருப்பமான உணவைக் கொடுத்து, நாட்கணக்கில், வாரக்கணக்கில் அத்தூரத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கவேண்டும். விலகிப்போக நாய் விரும்பினால் விடவேண்டும். உறுமலைத் தண்டித்தல் ஆகாது. உறுமல் நாயின் மொழி. 'கிட்ட வராதே' என்ற எச்சரிக்கை. அதனை அடித்து அடக்கினால் அச்சம் அடங்காது. எச்சரிக்கை மட்டுமே அடங்கும். அடுத்த முறை சொல்லாமற் கடிக்கும். அமெரிக்க மிருக வைத்தியர்களின் விலங்கு நடத்தைச் சங்கம் 2021இல் வெளியிட்ட நிலைப்பாடும் எல்லா நாய்களுக்கும், கடிக்கவரும் நாய்களுக்குங்கூட, வெகுமதி சார்ந்த முறைகளையே பரிந்துரைக்கிறது.

இவ்வளவும் கூறியபின் நாம் நின்றுவிட்டால், வசதியுள்ளோருக்கான நாய்வளர்ப்புக் குறிப்பாக இக்கட்டுரை முடிந்துவிடும். மதிலின் உட்புறமிருந்து மட்டும் இவ்விடயத்தைப் பார்த்தல் தகாது. நாய் யாரைக் கண்டு பாயவேண்டும் என்பதை நாய் தானாகத் தீர்மானிப்பதில்லை. 1963 மே மாதத்தில் அமெரிக்காவின் பேர்மிங்காம் நகரில், உரிமை கேட்டு ஊர்வலம் வந்த கறுப்பின மக்கள் மீது பொலிஸார் நாய்களை ஏவிய படங்களை உலகம் கண்டது. அந்நாய்களின் பல்லில் இருந்தது பொலிஸாரின் நோக்கம். மாளிகை நாய், கார் வந்தால் வாலாட்டி, வெறுங்காலோடு வருபவரைக் கண்டு பாய்கிறதென்றால், அதுவும் அவ்வீட்டார் அறிந்தோ அறியாமலோ கற்றுக்கொடுத்த பாடமே.

பொதுநலத்தின் பக்கத்தையும் மறக்கலாகாது. 1973இல் இலங்கையில் 377 பேர் விசர்நாய்க்கடியால் மாண்டனர். அண்மைய ஆண்டுகளில் அத்தொகை ஆண்டுக்கு ஐம்பதுக்கும் கீழே இறங்கியுள்ளது. நாய்களுக்குப் பரவலாகத் தடுப்பூசி போட்டதும், கடியுண்டவர்க்கு அரச வைத்தியசாலைகளில் இலவசமாக ஊசி கிடைத்ததுமே இதற்குப் பெருங்காரணம். 1893ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் தெருநாயைக் கொல்ல இடமளித்தது. 2006இல் அக்கொலையை நிறுத்தும் கொள்கை வகுக்கப்பட்டு, தடுப்பூசியும் கருத்தடையும் முன்னிறுத்தப்பட்டன. பொதுப்பணமும் திட்டமும் இன்றித் தனிமனித இரக்கம் மட்டும் இதனைச் சாதித்திராது.

இக்கட்டுரையை வாசிப்போரிற் பலர் ஆசிரியர்கள். பாடசாலைகளில் உடற்தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சின் சுற்றுநிருபம் 2005இலேயே கூறிவிட்டது. பிரம்பு எல்லா வகுப்பறைகளையும் விட்டுப் போய்விட்டதென்று நம்மில் யார் உறுதி கூறுவோம்? பிரம்பைக் கீழே வைத்துவிட்டுப் புள்ளியையும் பரிசையும் காட்டி அதே மௌனத்தைப் பெறுவோமாயின், ஹேகன்பெக்கின் இடத்தில்தான் நாமும் நிற்போம். கடைசி வாங்கில் தலை குனிந்திருக்கும் பிள்ளை பாடத்தைக் கவனிக்காதபோது, அதற்குப் பசியா, நோவா, வீட்டில் அச்சமா என்று கேட்பதே அங்கு முதற்பாடம். பிள்ளையை நாயோடு ஒப்பிடுவது எமது நோக்கமன்று. இருவருக்கும் அஞ்சும் உடல் உண்டு. அவ்வுடலின் மீது ஓங்கும் கை பெரும்பாலும் ஒன்றே.

தெஹிவளை ஒழுங்கையின் படலைக்குப் பின்னால் அந்த நாய் இப்போதும் குரைத்துக்கொண்டிருக்கிறது. சங்கிலியின் நீளத்தைக் கூட்டுவது நல்லதே. அது எதற்காகக் குரைக்கிறது என்று கேட்பவரே அதனைப் பழக்கத் தொடங்குகிறார்.