படத்தின் மறுபக்கம்

பழைய படம் ஒன்று கைக்கு வந்தால் முதலில் அதைத் திருப்பித்தான் பார்ப்பேன். முன்பக்கம் வெளிச்சமும் கமராவும் செய்த வேலை. பின்பக்கத்திலோ அட்டையின் ஓரத்திலோ யாரோ இரண்டு வரி எழுதி வைத்திருந்தால், அதையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் ரசனை நிறைவடைகிறது.

பிரித்தானியப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரோன் 1878இல் களுத்துறையில் எடுத்த குடியானவர் படத்தைப் பாருங்கள். அதில் ஒரு முதியவரும் ஒரு சிறுமியும் இருக்கிறார்கள். சிறுமிக்கு வயது 12 என்றும், முதியவர் தன்னை அவளுடைய தகப்பன் என்கிறார் என்றும், தனக்கு நூறு வயது என்கிறார் என்றும் கமரோன் படத்தோடு எழுதி வைத்திருக்கிறார். முதியவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதிவிட்டு, நம்புவதை நம்மிடம் விட்டுவிட்டார். அந்தக் குறிப்பை வாசித்தபின் கண் தானாக அந்த இரு முகங்களுக்கும் போகிறது, சாயல் தேடுகிறது. வெறும் 'கிராமத்து மனிதர்கள்' ஒரு குடும்பமாகிவிடுகிறார்கள்.

இப்படி ஒரு படம் எடுப்பது அன்று லேசான காரியமல்ல. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, காய்வதற்குள்ளேயே கழுவவும் வேண்டும். நம் வெயிலில் தகடு எத்தனை விரைவாகக் காயும்! அச்சுத் தாளுக்கோ முட்டையின் வெள்ளைக்கரு வேண்டும். எதிரே நிற்பவர் மூச்சடக்கி நிற்க வேண்டும். அந்த அவஸ்தையை ஓவியர் மரியான் நோர்த் தன் நினைவுக் குறிப்புகளில் சொல்லியிருக்கிறார். 1877இல் களுத்துறைக்கு வந்தவரைக் கமரோன் தலைமுடி அவிழ்த்து, காஷ்மீர்க் கம்பளி சுற்றி, கூரான தென்னோலைகள் தலையில் குத்த நிறுத்தினாராம். வெப்பமானி 96 பாகை பரனைட் காட்டிய அந்தப் பொழுதில் இயல்பாக இருக்கும்படியும் சொன்னாராம்.

நோர்த் சொல்லும் இன்னொரு கதை என்னை விடுவதேயில்லை. உள்ளூர்க்காரர் ஒருவருடைய முதுகின் அழகில் கமரோன் மயங்கிப்போய், அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனிடம் பிடிவாதம் பிடித்தார். அந்த வீட்டிலோ தோட்டமே இல்லை! அத்தனை ரசித்த அந்த மனிதரின் பெயரை நோர்த்தின் கதை சொல்லவில்லை. கவிஞர் டெனிசனையும் விஞ்ஞானி டார்வினையும் படமெடுத்த கைதான் இது. அந்தப் படங்கள் அவரவர் பெயரோடு நிற்கின்றன. களுத்துறைச் சிறுமிக்கோ வயது மட்டும் மிஞ்சியது. கமரோன் 1879இல் டிக்கோயாவில் காலமானார். அவர் இலங்கையில் எடுத்தவற்றில் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. அந்த அபூர்வப் படங்களிலேயே, பெயர் இல்லாத இந்தக் குறை இருக்கிறது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் எங்கள் படுவான்கரையில் இந்தக் குறையை நாமே தீர்த்துவிடலாம். 1978 நவம்பர்ச் சூறாவளியும் பிறகு வந்த யுத்த இடப்பெயர்வுகளும் எத்தனையோ வீடுகளின் படங்களைக் கொண்டுபோய்விட்டன. தப்பியவை காணி உறுதியோடும் பிறப்புப் பத்திரத்தோடும் பையில் கிடந்து பிழைத்தவை. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் தேரோட்டப் படம் ஒன்றை வெளியூரார் பார்த்தால் கூட்டமும் வடமும்தான் தெரியும். எங்கள் ஊர் முதியவர் ஒருவர் பார்த்தால், கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் யார், எந்தக் குடியார் (தாய்வழிக் குலத்தவர்) எங்கே நிற்கிறார்கள், ஏன் அங்கே நிற்கிறார்கள் என்று விரல் வைத்துச் சொல்வார். தேசத்துக் கோயிலின் உரிமை ஒழுங்கு முழுவதும் அந்த ஒரு படத்தில் இருக்கிறது. மண்முனைத் துறையில் 'பாதை' என்ற மிதவையில் வாவி கடந்த காலத்துப் படங்களும் அப்படித்தான். 2014இல் பாலம் திறந்தபின் பிறந்த பிள்ளைக்கு, அந்தப் படத்தில் ஆட்களும் சைக்கிள்களும் எதற்காக நெருக்கிக்கொண்டு நிற்கின்றன என்று யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஆகவே அம்மம்மாவை இருத்தி, படங்களை ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்துக் கேளுங்கள்: யார், எங்கே, என்ன விசேஷம், யார் எடுத்தது? சொல்வதை மென்மையான பென்சிலால் பின்பக்க ஓரத்தில் அழுத்தாமல் எழுதுங்கள்; பேனை மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். ஒட்டும் தாள் அல்பம் வேண்டாம். இரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து, 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் போன்ற இடங்களுக்கு ஒரு பிரதி கொடுங்கள். மங்கிய படத்தைக் கணினியில் தெளிவாக்கிக்கொள்ளலாம். சொல்லத் தெரிந்தவர் போய்விட்டால், பெயரை எந்தக் கருவியும் மீட்டுத் தராது.