மகாவமிசம் காட்டும் எல்லாளன்

இலங்கைத் தீவின் இனப்பூசலுக்கு வேர் யாது என ஆராயப் புகுந்தோர் பலரும் பாலிமொழியில் எழுந்த மகாவமிசத்தை முதற்கண் சுட்டுதல் வழக்கமாகிவிட்டது. தமிழர் அந்நூலைப் பழிப்பதற்கும் சிங்களவர் அதனைப் போற்றுவதற்கும் காரணம் ஒன்றே. துட்டகாமணி என்னும் உரோகண நாட்டு இளவரசன், அநுராதபுரத்திலிருந்து ஆண்ட எல்லாளன் என்னும் சோழநாட்டு மன்னனைப் பொருது வென்ற வரலாறே அது. இவ்விரு திறத்தாருள்ளும் அந்நூலை முழுதும் பயின்றோர் எத்துணையர் என்னும் ஐயம் எமக்கு நெடுநாளாக உண்டு. பழிப்பதாயினும் போற்றுவதாயினும் முதலில் நூலை நூலாகப் படித்தல் வேண்டுமன்றோ? அப்பணி திறனாய்வாளர்க்கு உரியது ஆதலின், எல்லாளனைப் பற்றிய பகுதிகளை ஈண்டு இலக்கியமாக வைத்து நோக்க முற்படுகின்றோம்.

மகாவமிசத்தை யாத்தவர் மகாநாமர் என்னும் பௌத்தத் துறவி என்பது மரபு. கி.பி. 5ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 6ஆம் நூற்றாண்டிலோ அது தோன்றியிருத்தல் கூடும். எல்லாளன் வாழ்ந்ததோ கி.மு. 2ஆம் நூற்றாண்டு. எனவே ஆசிரியர்க்கும் நிகழ்ச்சிக்கும் இடையே ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. இதற்கு முற்பட்ட தீபவமிசம் துட்டகாமணிக்கு ஒரு சில செய்யுள்களே ஒதுக்கியுள்ளது. மகாநாமரோ தம் 37 அத்தியாயங்களுள் 11 அத்தியாயங்களை, 22 முதல் 32 வரை, அவனொருவனுக்கே அளித்துவிட்டார். வரலாற்றுக் குறிப்பு காப்பியமாக வளர்ந்தமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டா. மேலும் ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் ஆசிரியர் தம் நோக்கத்தைத் தாமே அறிவிக்கின்றார். நல்லோர் உள்ளத்தில் தெளிந்த மகிழ்வையும் நிலையாமை பற்றிய நடுக்கத்தையும் எழுப்புதலே அந்நோக்கம். இஃது ஒரு சமயக் காப்பியத்தின் நோக்கமேயன்றி, அரசியல் ஆவணத்தின் நோக்கம் அன்று.

இனி எல்லாளனைக் காண்போம். அவன் 44 ஆண்டுகள் ஆண்டான் என்றும், வழக்கு என்று வந்தவிடத்துப் பகைவர் நண்பர் என்னும் வேறுபாடு காணாதவன் என்றும் 21ஆம் அத்தியாயம் கூறும். அவனுடைய கட்டிலின் தலைமாட்டில் ஒரு மணி தொங்கியது. முறை வேண்டுவோர் இழுத்து ஒலிக்க நீண்ட கயிறு ஒன்று அதனின்றும் வெளியே சென்றது. அவன் மகனது தேர்க்காலில் ஒரு கன்று அகப்பட்டு இறந்தது. தாய்ப்பசு மணியை அசைத்தது. அரசன் அத்தேர்க்காலாலேயே மகனது தலையைத் துணிப்பித்தான். இக்கதையைக் கேட்ட அளவில் திருவாரூர்க் கல்தேர் நம் நினைவிற்கு வருதல் இயல்பே. சிலப்பதிகாரத்தில் கண்ணகி வாயிலாகச் சுருக்கமாகவும், பெரியபுராணத்தில் விரிவாகவும் நாம் பயின்ற கதை அன்றோ இது? வகுப்பில் மாணாக்கரிடம் மனுநீதிச் சோழனைப் பற்றி வினவினால் வினவி முடிப்பதற்குள் விடை வரும். அதே கதை அநுராதபுரத்து அரசன் ஒருவன்மேல் ஏற்றிக் கூறப்படுகின்றது என்றால் வியந்து நோக்குவர். எது மூலம், எது வழி என்னும் ஆராய்ச்சியில் யாம் இப்பொழுது புகவில்லை. இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடுகளே எம் கருத்தை ஈர்க்கின்றன.

தமிழ்க் கதையில் மணி அரண்மனை வாயிலில் உள்ளது. பாலிக் கதையில் அது அரசன் துயிலும் இடத்தில் உள்ளது. அவனுடைய உறக்கமும் வழக்குரைப்போர்க்கு உரியதாகிவிடுகின்றது. சேக்கிழார் பாடலில் இறைவன் எழுந்தருளிக் கன்றையும் மைந்தனையும் அமைச்சனையும் உயிர்ப்பிக்கின்றான். மகாநாமர் அவ்வாறு எவரையும் எழுப்பவில்லை. துணிந்த தலை துணிந்தபடியே கிடக்கின்றது. முறையின் கொடுமையைச் சற்றும் தணிக்காமல் காட்டும் துணிவு இத்துறவியிடம் மிகுதி என்று சொல்ல யாம் தயங்கவில்லை. பனைமரத்துக் கூட்டிலிருந்த குஞ்சை விழுங்கிய பாம்பின் கதையும், கிழவியொருத்தி உலர்த்திய நெல் காலமல்லாக் காலத்து மழையால் கெட்டதற்காக அரசன் உண்ணாநோன்பு கிடந்து, இரவில் மட்டும் மழை பெய்யுமாறு வரம் பெற்ற கதையும் தொடர்ந்து வருகின்றன.

இவை யாவற்றினும் சிறந்தது தூபியின் நிகழ்ச்சி. எல்லாளன் தேரில் சென்றபோது, அவன் அறியாமலே நுகத்தின் முனை ஒரு புத்த தூபியில் மோதி அதனைச் சிதைத்தது. உடனே இறங்கி வழியிற் கிடந்து, தன் தலையைத் தேர்க்காலால் துணிக்குமாறு அமைச்சரை வேண்டினான். அவர்கள் தடுத்து, தூபியைச் செப்பனிட்டால் அமையும் என்றனர். பெயர்ந்த கற்கள் 15. அதற்கு அவன் செலவிட்டது 15,000 காசு. அவன் பௌத்தன் அல்லன். தன் பழைய கொள்கையை இறுதிவரை விடவில்லை என்பதையும் ஆசிரியர் வெளிப்படையாகவே கூறுகின்றார். வேற்று நாட்டவனை, வேற்றுச் சமயத்தவனை, தம் காப்பியத் தலைவனின் பகைவனை இவ்வளவு உயர்த்திப் பாடிய புலவர் உலகில் பலர் இலர்.

ஈண்டு தமிழர்க்கு ஓர் உண்மையை நினைவூட்டல் வேண்டும். சங்க நூல்களில் எல்லாளன் என்னும் பெயரே இல்லை. நாம் இன்று பெருமிதத்தோடு எடுத்துரைக்கும் எல்லாளனின் அறத்தை நமக்குக் காத்துத் தந்தவை, நாம் குறைகூறும் பாலி நூல்களே.

அடுத்து வரும் அத்தியாயங்களில் குரல் மாறுகின்றது. இதனை மறைத்தல் திறனாய்வு ஆகாது. தமிழரோடு போரிடுவதில்லை எனச் சூளுரைக்குமாறு தந்தை கவந்திசன் சோற்றுக் கவளத்தை நீட்ட, சிறுவன் காமணி அதனை எறிந்துவிட்டுக் கட்டிலில் முடங்கிக் கிடக்கின்றான். கைகால் நீட்டி உறங்காதது ஏன் என்று தாய் கேட்க, ஆற்றுக்கு அப்பால் தமிழரும் இப்பால் கடலும் நெருக்குவதைக் காரணமாகக் காட்டுகின்றான். இன்றளவும் அரசியல் மேடைகளில் ஒலிக்கும் அச்சத்திற்கு இக்காட்சி உருவம் கொடுத்துவிட்டது. கலைத்திறன் மிக்க காட்சி. ஆதலின் ஆற்றலும் மிக்கது.

எனினும் நூலின் பிற செய்திகள் இக்காட்சியோடு முழுதும் பொருந்துவன அல்ல. காமணியின் பதின்மர் வீரருள் முதல்வனாகிய நந்திமித்தன், எல்லாளனுடைய படைத்தலைவன் மித்தனின் உடன்பிறந்தாள் மகன்; மாமன் பெயரையே அவன் தாங்கியுள்ளான். காமணி முதலிற் பெரும்போர் செய்தது தமிழரோடு அன்று, தன் தம்பி திசனோடு. குடிமுதல்வனாகக் கூறப்படும் விசயனுக்கும் மணமகள் பாண்டியன் மகளாக மதுரையிலிருந்தே வருகின்றாள்; அவளோடு தொழிற்குடிகளும் வருகின்றன. எல்லாளனுக்கு முன் ஆண்ட சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவரும் நெறிப்படி ஆண்டனர் என்றே நூல் கூறும். குருதிக் கலப்பை இவ்வாறு பதிவு செய்த நூலிலிருந்து இனத்தூய்மைக் கொள்கையைப் பிற்காலத்தார் எவ்வாறு வடித்தெடுத்தனர் என்பது வியப்பிற்குரியது.

எல்லாளனைத் தான் ஒருவனே எதிர்ப்பதாகப் பறையறைவித்துத் தனிப்போரில் அவனை வீழ்த்திய காமணி, சுற்றியுள்ள மக்களைக் கூட்டி, உரிய சிறப்போடு அவனுக்கு எரியூட்டுகின்றான். அவ்விடத்தே நினைவுச் சின்னம் எழுப்பி வழிபாடும் ஏற்படுத்துகின்றான். இலங்கை அரசர் அவ்விடத்தை நெருங்கும்போது இசைக்கருவிகளை அடக்குதல் தம் காலத்தும் தொடர்ந்தது என ஆசிரியர் சான்று பகர்கின்றார்.

நூலின் மிகக் கடுமையான பகுதி இதன் பின்னரே உள்ளது. வெற்றிபெற்ற மன்னன் மகிழவில்லை. தான் அழித்த உயிர்களை எண்ணி உறக்கமின்றிக் கிடக்கின்றான். அவனைத் தேற்ற எட்டு அருகதர் வருகின்றனர். கொல்லப்பட்டோருள் மும்மணிகளைச் சரணடைந்தவன் ஒருவன், ஐந்து சீலங்களை மேற்கொண்டவன் ஒருவன். ஆகவே கணக்கில் வருவோர் ஒன்றரை மாந்தரே, ஏனையோர் விலங்கை ஒப்பர் என்பது அவர்கள் கூற்று. இவ்விடத்தைப் பொதுவான சமய ஆறுதல் என்று மழுப்புவாரோடு யாம் உடன்படோம். பிறன்மேல் கருணை காட்டும் அறத்தின் பெயரால் பிறனை மனிதக் கணக்கினின்றும் நீக்கும் சொல் இது. மகாநாமரும் இதனால் முழு நிறைவு அடைந்தாரா என்பதை அடுத்த நிகழ்ச்சியே ஐயுறச் செய்கின்றது. மன்னன், துறவியர்க்கு அளிக்காமல் மிளகுக் காய் ஒன்றைத் தான் உண்டது நினைவிற்கு வர, அதற்குக் கழுவாயாக மரிசவட்டி விகாரையை எழுப்புகின்றான். ஒரு மிளகுக்கு ஒரு விகாரை. எண்ணிலா உயிர்கட்கு ஓர் ஆறுதல் மொழி. இவ்விரண்டையும் அருகருகே வைத்தது புலவரின் உள்ளக்குறிப்போ, தற்செயலோ, அறுதியிட்டுரைத்தல் அரிது. ஆயினும் மன்னனது துயரம் உண்மையானது என்பதை அவர் மறைக்கவில்லை.

இதனைக் குறைகூறும் நாம் நம் நூல்களையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நன்று. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் பிணக்கூழ் அடுவதை நாம் சுவை நோக்கியே கற்கின்றோம். அதனைக் கலிங்கரை ஒழிக்கும் ஆணையாக எவரும் கொள்வதில்லை. தோற்ற நாட்டின் பெயரால் நூல் வழங்குவதையும் மரபு என்றே ஏற்கின்றோம். இச்சலுகை மகாவமிசத்திற்கும் உரியதே. கெடுதி விளைந்தது, அதனைக் காப்பியமாகக் கொள்ளாமல் பட்டா ஆவணமாகக் கொண்ட காலத்தில்.

அக்காலம் 19ஆம் நூற்றாண்டு. 1837இல் தர்னர் அந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். 1856இல் கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட, ஆரியர் திராவிடர் என்னும் மொழிப்பிரிவு விரைவில் குருதிப்பிரிவாக உணரப்பட்டது. குடிக்கணக்கெடுப்பு அப்பிரிவுகளுக்கு எண் கொடுத்தது. சிங்கள இன அடையாளம் காலந்தோறும் மாறி வளர்ந்தது என்று 1979இல் குணவர்தன எழுதிய கட்டுரையும், அதனைத் தர்மதாச மறுத்தமையும் ஆராய்ச்சியாளர் அறிவர். மகாவமிசத்தில் தமிழர் என்னும் சொல் பகைப்பெயராக ஆளப்படுவதை மறுத்தல் இயலாது. எனினும் இன்றைய பொருளில் இரு நாட்டினங்கள் அன்றே அணிவகுத்து நின்றன என்பதற்கு நூல் இடந்தரவில்லை என்பதே எம் துணிபு.

இருபதாம் நூற்றாண்டுப் பூசலுக்கு நேர்க்காரணங்கள் வேறு. அவை சட்டப்புத்தகங்களில் உள்ளன. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1956இன் ஆட்சிமொழிச் சட்டம் சிங்களம் ஒன்றையே ஏற்றது. 1957இல் பண்டாரநாயக்கரும் செல்வநாயகமும் செய்த உடன்படிக்கை மறு ஆண்டே கிழித்தெறியப்பட்டது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1983 சூலையில் தமிழர் வீடுகளும் உயிர்களும் எரிந்தன. பழங்கதை இவற்றைச் செய்யவில்லை. செய்தார்க்குத் துணிவு அளித்தது.

பெயர்களின் பிற்கால வாழ்வை நோக்குக. 1962இல் இலங்கைப் படையில் தோன்றிய பிரிவொன்று கெமுனுவின் பெயரைத் தாங்கியது. 2007இல் விடுதலைப் புலிகள் அநுராதபுர வான்படைத் தளத்தைத் தாக்கிய நடவடிக்கைக்கு எல்லாளன் பெயரை இட்டனர். அதே அநுராதபுரத்தில், 1985 மே திங்களில், போதிமரத்தை வழிபட வந்தோர் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட பொதுமக்கள் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டனர். தூபியில் நுகம் தீண்டியதற்குத் தலை கொடுக்க முன்வந்தவனின் மரபினர் என்று சொல்லிக்கொள்வோர் செய்த செயல் இது. மறுபுறம், 2009இல் போர் முடிந்தபின் மாண்ட போராளிகளின் துயிலும் இல்லங்கள் தரைமட்டமாக்கப்பட்டன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் நின்ற முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 சனவரியில் இடிக்கப்பட்டு, எதிர்ப்பு எழுந்தபின் மீண்டும் கட்டப்பட்டது. காமணியைப் பின்பற்றுவோம் என்பார் அவன் பகைவனுக்கு எடுத்த நினைவுச் சின்னத்தைப் பின்பற்றவில்லை. இரு சாராரும் தத்தமக்கு வேண்டிய பாதியைப் படித்தனர்.

அமைதிக்குரிய வழி அரசியலாரிடமே பெரிதும் உள்ளது. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி என ஏற்றது. அதனை அலுவலகந்தோறும் காவல்நிலையந்தோறும் நடைமுறைப்படுத்துதல் அவர் கடன். மொழித்துறையார் செய்யக்கூடியது சிறிது, ஆயினும் உண்டு. மகாவமிசத்தின் முதல் அத்தியாயத்தில், மணியாசனம் ஒன்றிற்காகப் பொருத நாக அரசர் இருவரின் பகையைப் புத்தர் தீர்க்கின்றார். அவ்விருவரும் மாமனும் மருகனும் ஆவர். அதே கதை நம் மணிமேகலையில் மணிபல்லவத்துப் பீடிகையின் கதையாக வருகின்றது. இவ்விரு பகுதிகளையும், எல்லாளன் அத்தியாயத்தையும் மனுநீதிச் சோழன் கதையையும், ஒன்றரை மாந்தர் பகுதியையும் பரணியின் போர்க்களத்தையும் இணைத்து இரு மொழி மாணாக்கரும் பயிலத்தக்க பாடநூல் ஒன்று தொகுக்கப்படுதல் வேண்டும். கசப்பான பகுதிகளை அதில் விடுதல் ஆகாது. அவற்றை விட்டுவிட்டால் மேடைப் பேச்சாளர் எடுத்துக்கொள்வர்.

அநுராதபுரத்தில் பெரிய மேடு ஒன்று உண்டு. அதனை எல்லாளன் சமாதி என்றே மக்கள் தலைமுறை தலைமுறையாக வழங்கிவந்தனர். 1818இல் ஆங்கிலேயரை எதிர்த்த கிளர்ச்சி தோல்வியுற்றுத் தப்பியோடிய பிலிமத்தலாவை என்னும் கண்டித் தலைவர், மிக்க களைப்பிலும் அவ்விடத்தே பல்லக்கினின்றும் இறங்கி, அதனைக் கடந்துவிட்டோம் என உறுதிபெறும்வரை நடந்தே சென்றார் எனப் போர்ப்சு என்னும் ஆங்கிலேயர் எழுதிவைத்துள்ளார். பின்னர்ப் பரணவிதான ஆராய்ந்து அது தட்சிண தூபி என்று முடிவு கூறினார். அம்முடிவு சரியாகவே இருக்கலாம். இன்று அம்மேடு அப்பெயராலேயே வழங்குகின்றது. எல்லாளனுக்குக் காமணி எடுத்த சின்னம் வேறு எங்கே நின்றது என்பதைக் காட்டுவார் இலர்.