உரலி இருக்கு, பக்கம் எங்கே?

வீட்டில் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பாடம் முடிகிற இடத்தில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு கட்டம் இருக்கும். படி 1, படி 2 என்று செய்முறை, திரையின் சின்னச் சின்னப் படங்கள், கீழே ஓர் உரலி, பக்கத்தில் ஒரு கியூஆர் குறியீடு. (யூஆர்எல்லைத்தான் பாடநூல்காரர்கள் உரலி ஆக்கியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்த சொல். உரல், உலக்கை ஞாபகம் வந்தாலும் பரவாயில்லை.) இந்தப் பதிவு அந்தக் கட்டத்தைப் பற்றியது.

ஏன் திடீரென்று பாடப்புத்தக விமர்சனம் என்றால், காரணம் என் அக்கா. திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரு பௌர்ணமி அன்று காலையில் போன். "டேய், முக்கோணவியல் நடத்தறேன். அந்த லிங்க் சுத்திக்கிட்டே இருக்குடா. முப்பத்தஞ்சு பசங்க என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க."

எங்க ஊர்க்காரர்களுக்கு இது புரியும். பௌர்ணமி என்றால் லட்சக்கணக்கில் ஜனம் வரும். போனில் சிக்னல் நாலு கோடு காட்டும், ஆனால் ஒரு போட்டோ போகாது. அக்கா பாடம் நடத்தியதோ தன் சொந்தப் போனின் ஹாட்ஸ்பாட்டில். அன்று வேறு வழியில்லாமல் கரும்பலகையிலேயே முடித்துவிட்டார். அது ஒன்றும் மோசமான பாடம் இல்லை என்றும் சொன்னார். ஆனால் எனக்கு அந்தக் கட்டம் மண்டையில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2018-ல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தபோது, பக்கத்துக்குப் பக்கம் கியூஆர் குறியீடு பார்த்து அசந்துபோனவர்களில் நானும் ஒருவன். அரசுப் பாடநூல் இவ்வளவு நவீனமாக வரும் என்று நான் நினைக்கவில்லை. அதில் டிக்‌ஷா தளத்துக்குப் போகும் குறியீடுகளைக் கவனித்தால், கீழே ஆறு எழுத்தில் ஒரு சங்கேதம் இருக்கும். அந்தக் குறியீடு எந்த வீடியோவுக்கும் நேராகப் போவதில்லை. "இந்தச் சங்கேதத்துக்கு இன்றைக்கு என்ன இருக்கிறது?" என்று தளத்தைக் கேட்கும். உள்ளே வீடியோவை மாற்றலாம், தப்பைத் திருத்தலாம், அச்சான புத்தகத்தைத் தொட வேண்டியதில்லை. மென்பொருள் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இதை வடிவமைத்தவர்களுக்குக் காகிதம் என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது. அச்சில் ஏறியதைத் திரும்பப் பெற முடியாது.

இணையச் செயல்பாட்டுக் கட்டத்தில் இருக்கும் உரலிக்கு இந்த வசதி கிடையாது. அது நேராக இன்னொருவர் வீட்டு வாசலைக் காட்டுகிறது. கணக்கில் பெரும்பாலும் ஜியோஜீப்ரா. அது ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் என்ற மாணவர் முதுகலை ஆய்வுக்காக ஆரம்பித்தது. அற்புதமான கருவி, சந்தேகமே இல்லை. ஆனால் 2021 டிசம்பரில் அதை பைஜூஸ் வாங்கியது. 2024 ஜூலையில் பைஜூஸ் மேல் திவால் வழக்கு விசாரணைக்கு ஏற்கப்பட்டது. ஜியோஜீப்ரா இன்றும் நன்றாகத்தான் ஓடுகிறது, பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நம் பத்தாம் வகுப்புப் புத்தகத்தின் ஒரு மூலை யாரிடம் போய்ச் சேரும் என்பது நமக்குச் சம்பந்தமில்லாத ஒரு வியாபாரத்தில் தீர்மானமாகிறது என்பதைச் சொல்கிறேன்.

மற்ற கருவிகளின் கதையும் தெரியும்தானே. ஃபிளாஷ் 2020 கடைசியோடு போனது. அதில் செய்த பாட அனிமேஷன்கள் எத்தனை அதோடு போயிருக்கும்! எட்மோடோ 2022 செப்டம்பரில் கடையை மூடியது. கொரோனா காலத்தில் பல டீச்சர்கள் பழகிக்கொண்ட கூகுள் ஜாம்போர்டு 2024 டிசம்பர் 31-ஓடு சரி. எதற்கும் காசு கொடுக்கவில்லை, அதனால் போய்க் கேட்கவும் முடியாது.

இங்கேதான் தமிழில் நாம் குழப்பிக்கொள்கிற இரண்டு சொற்கள் வருகின்றன: இலவசம், கட்டற்றது. இலவசம் என்பது விலையைப் பற்றிய பேச்சு. கட்டற்றது என்றால் பிரதி எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், பக்கத்து ஸ்கூலுக்குக் கொடுக்கலாம். நோபல் பரிசு வாங்கிய இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் ஆரம்பித்த ஃபெட் செய்முறைப் படங்கள் இந்த இரண்டாவது வகைக்குப் பக்கத்தில் வரும். இன்றைய ஃபெட் படம் ஒவ்வொன்றும் ஒரே ஒரு ஹெச்டிஎம்எல் கோப்பு. பென் டிரைவில் போட்டால் நெட் இல்லாமல் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும். ஜியோஜீப்ராவையும் கம்ப்யூட்டரில் நிறுவிக்கொள்ளலாம். இணையத்தில் இருக்கும் செயல்பாட்டைக் கோப்பாக இறக்கி வைக்கலாம். அதாவது கருவிகளில் பெரிய குறை இல்லை. 'உரலிக்குச் செல்லவும்' என்பதோடு நின்றுவிடும் கட்டத்தில்தான் குறை. 'முதல் நாளே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அக்காவுக்கு அந்தப் பௌர்ணமி பிரச்சினையே வந்திருக்காது.

அதோடு, தமிழ்நாட்டில் 6,029 அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் போட்டதாகக் கணக்கு. கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று கேபிளில் இணைந்திருக்கும் ஓர் அறை. கோலிப்ரி என்று ஒரு கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டரில் பாடங்களை ஒருமுறை இறக்கிவிட்டால் மீதிக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். வெளியே நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். நம் லேப்களுக்கென்றே செய்த மாதிரி இருக்கும்.

அப்படியானால் டீச்சர்களுக்கு யார் சொல்லிக் கொடுப்பது? பயிற்சிகளுக்குப் பஞ்சமில்லை. நிஷ்தா பயிற்சி 2020 அக்டோபரில் டிக்‌ஷா வழியாக இணையத்துக்கு வந்தது, தொடக்கநிலை ஆசிரியர்களுக்கு 18 பாடத்தொகுதிகள். ஊரடங்கில் வேறெப்படியும் செய்திருக்க முடியாது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வடிவம் வீடியோ, வாசிப்பு, வினாடி வினா, சான்றிதழ் என்று போகிறது. எத்தனை பேர் முடித்தார்கள் என்று எண்ணிவிடலாம். முடித்தவர் அடுத்த நாள் வகுப்பில் ஸ்லைடரை எந்த இடத்தில் நிறுத்தி என்ன கேள்வி கேட்டார் என்பதை எண்ண முடியாது. எண்ண முடியாததைப் பயிற்சியிலும் விட்டுவிடுகிறோம்.

ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் இதற்கு நேர் எதிர்க் குணம். திரையில் பாதியில் வீடியோ, மீதிப் பாதியில் நீங்கள் அதையே செய்து பார்க்க வேண்டும். சுமார் பத்து நிமிடம், நெட் இல்லாமலும் பார்க்கலாம், பல பாடங்களுக்குத் தமிழ் ஒலியும் உண்டு. பார்க்கக் கொஞ்சம் பழைய காலத்து வாடை அடிக்கும். நான் கவலைப்படவில்லை. பார்த்து முடிக்கும்போது உங்கள் கையில் ஒரு கோப்பு இருக்கும்.

அடுத்த சனிக்கிழமை நான் ஊருக்குப் போனபோது அக்காவும் நானும் உட்கார்ந்து அப்படி ஒன்று செய்தோம். புத்தகத்தில் இருக்கும் கோபுரம், கலங்கரை விளக்கம் எல்லாம் வேண்டாம், வகுப்பு ஜன்னலைத் திறந்தால் மலை. அதையே முக்கோணமாக்கினோம். உயரம் 814 மீட்டர். பள்ளியிலிருந்து உச்சிக்கு வரைபடத்தில் நேர்கோட்டுத் தூரம் ஏறக்குறைய 2 கிலோமீட்டர். ஸ்லைடரை 2,000-ல் வைத்தால் ஏற்றக்கோணம் 22 டிகிரி.

திங்கட்கிழமை அக்கா பசங்களை மைதானத்துக்குக் கூட்டிப்போய் பாகைமானி, ஸ்ட்ரா, நூல், நூல் முனையில் ஒரு நட்டு வைத்து அளக்கச் சொல்லியிருக்கிறார். 17, 18, 19 என்று வருகிறதே தவிர ஒருத்தருக்கும் 22 வரவில்லை. அக்காவுக்கு நூல் மேல் சந்தேகம். எனக்குப் போன் பண்ணினார், எனக்கு ஸ்ட்ரா மேல் சந்தேகம். கடைசியில் ஒரு பெண் கேட்டாளாம், "மிஸ், அந்த 814-ஐ எங்கேருந்து அளந்தாங்க?"

கடல் மட்டத்திலிருந்து! நம்ம ஊரே கடல் மட்டத்திலிருந்து சுமார் 170 மீட்டர் மேலே இருக்கிறது. கழித்தால் 644. ஸ்லைடரில் மாற்றிப் போட்டதும் 18 டிகிரிக்குக் கிட்டே வந்து நின்றது. இருபது வருஷமாகக் கம்ப்யூட்டரில் குப்பை கொட்டுகிற எனக்கு இது தோன்றவில்லை என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன். அந்தக் கோப்பு யாரோ ஒருவரின் இணையப் பக்கத்தில் பூட்டியிருந்தால் 22 டிகிரிதான் சரி, பசங்க அளந்ததுதான் தப்பு என்று அன்றைய வகுப்பு முடிந்திருக்கும்.

இப்போது அந்தக் கோப்பு நாலைந்து பென் டிரைவ்களில் சுற்றுகிறது. செஞ்சிப் பக்கம் வேலை பார்க்கும் அக்காவின் சிநேகிதி ஒருவர், ராஜகிரிக் கோட்டைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டார். அக்கா பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார். உயரம் என்ற இடத்தில் சைபர் போட்டுவிட்டு, "அத உங்க பசங்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டாராம்.