மூச்சுப் பயிற்சியும் பறிபோன நேரமும்

ஐ.டி. நிறுவனங்கள் ஊழியருக்குத் தரும் சலுகைகளில் தியானச் செயலியின் சந்தாவும் இப்போது சேர்ந்திருக்கிறது. மதிய இடைவேளையில் மூச்சுப் பயிற்சி, கூட்டத்துக்கு முன் ஒரு நிமிடம் கண்மூடி இருத்தல், மைண்ட்ஃபுல்னெஸ் வாரம் என்று அது விரிந்துகொண்டே போகிறது. வேலைப்பளு குறையப்போவதில்லை, அதற்கு நடுவிலும் நிகழ்கணத்தில் நிலைக்க மனத்தைப் பழக்கலாம் என்பதே இதற்கு எங்கும் சொல்லப்படும் நியாயம். இந்த நியாயம் தவறானது என்பது என் நெடுநாள் கருத்து. தியானத்தின் மீது எனக்குப் புகார் இல்லை. ஜான் கபாட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், தீராத வலியோடு வந்தவர்களுக்காகத் தொடங்கிய பயிற்சி பலருக்கு ஆறுதல் தந்திருக்கிறது. அதை ஒட்டி உருவான சிகிச்சையை, திரும்பத் திரும்ப வரும் மனச்சோர்வைத் தடுக்கப் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான 'நைஸ்' 2004இலேயே பரிந்துரைத்தது. 2014இல் 47 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றும் ஓரளவு குறைவது தெரிந்தது. இவற்றை மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்தப் பலன்கள் எப்படிப்பட்ட பயிற்சியில் கிடைத்தவை என்று பார்க்க வேண்டும். கபாட்-ஜின் வகுத்தது எட்டு வாரப் பயிற்சி. வாரம் ஒருமுறை இரண்டரை மணி நேர வகுப்பு, வீட்டில் நாள்தோறும் முக்கால் மணி நேரம், இடையே ஒரு முழுநாள் மௌனம். தியான ஆசிரியர் கோயங்காவின் மரபில் வரும் விபாசனா முகாம் பத்து நாள். பேச்சு கிடையாது, கைபேசியை முதல் நாளே ஒப்படைத்துவிட வேண்டும். இரண்டும் முதலில் நேரத்தை விடுவிக்கின்றன. அதன் பிறகுதான் மூச்சைக் கவனிக்கச் சொல்கின்றன. அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த வடிவமோ மூச்சை வைத்துக்கொண்டு நேரத்தைக் கழற்றி விட்டது. எட்டு வாரப் பயிற்சியின் சான்றிதழைக் காட்டி ஐந்து நிமிட ஒலிப்பதிவை விற்பது நேர்மையாகாது. அந்த ஐந்து நிமிடமாவது முழுதாகக் கிடைக்கிறதா? அலுவலக உரையாடல் செயலியான டீம்ஸின் திரையில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சைப் புள்ளி, சில நிமிடம் விசைப்பலகையைத் தொடாவிட்டால் மஞ்சளாகிவிடும். ஆள் இருக்கையில் இல்லை என்று அது மேலாளருக்குச் சொல்லும். கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவரின் மனம் மூச்சின் மீது இருக்குமா, அந்தப் புள்ளியின் மீது இருக்குமா?

2024இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த வில்லியம் ஃப்ளெமிங் வெளியிட்ட ஆய்வு, பிரிட்டனின் 233 நிறுவனங்களில் 46,336 ஊழியரின் பதில்களை அலசியது. மனநலச் செயலி, மீள்திறன் வகுப்பு, தியானப் பயிற்சி போன்றவற்றில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட நல்ல நிலையில் இல்லை. தொண்டுப் பணி வாய்ப்பு மட்டும் விதிவிலக்கு. இது ஒரே சமயத்தில் எடுத்த கணக்கு, முன்பின் ஒப்பீடு இல்லை, ஏற்கெனவே துவண்டவர்களே பயிற்சியில் சேர்ந்திருக்கலாம் என்று மறுப்பவர்கள் உண்டு. அது நியாயமான மறுப்புதான். என் வாதம் அந்த எண்களை மட்டும் நம்பி நிற்கவில்லை. நிறுவனம் எதைத் தொடுகிறது, எதைத் தொடாமல் விடுகிறது என்பதே என் கேள்வி. அமேசான் 2021இல் தன் கிடங்குகளுக்காக ஒரு சிறு தியானக் கூண்டை அறிமுகப்படுத்தியது. தொழிலாளி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மனப்பயிற்சிக் காணொளி பார்க்கலாம். வேலையை விட்டு விலகிய ஒவ்வொரு நிமிடத்தையும் கணக்கெடுக்கும் முறை அந்தக் கிடங்குகளில்தான் இருந்தது. கூண்டு வந்தது, கணக்கெடுப்பு போகவில்லை. களைப்புக்குக் காரணம் வேலையின் வேகம் என்று தெரிந்தும் சிகிச்சையைத் தொழிலாளியின் தலைக்குள் தேடுவதை என்னால் அக்கறை என்று ஏற்க முடியவில்லை.

சட்டமும் பணிவிதியும் மாறும்வரை மனிதர் காத்திருக்க முடியுமா, இன்றிரவு பிள்ளையோடு முகம் கொடுத்துப் பேச ஏதாவது வழி வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும்தான். ஒருவர் தாமாகத் தேடிப்போய்க் கற்கும் தியானம் அவருடைய சொத்து, அதில் எவரும் குறுக்கே நிற்க வேண்டியதில்லை. அதையே முதலாளி ஊழியர் கையில் கொடுக்கும்போது, இனி நீ சோர்ந்தால் அது உன் பயிற்சிக் குறைவு என்ற பொருளும் கூடவே வந்துவிடுகிறது. மாற்றம் நடக்காத காரியமும் இல்லை. துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தவர்களுக்கு யாரும் கால்வலியைப் பொறுக்கும் பயிற்சி தரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் போராடினார்கள். கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் கடை ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் திருத்தின. அந்த விதி எல்லாக் கடைகளிலும் நடைமுறைக்கு வந்துவிட்டதா என்பது வேறு பேச்சு. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோதும் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, சில நாளிலேயே அரசு அதைத் திரும்பப் பெற்றது.

ஓய்வு கிடைத்தாலும் ரீல்ஸ் பார்த்தே கழிக்கிறார்கள், குறை மனத்தில்தான் என்ற வாதமும் வரும். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் நியூயார்க்கில் காலை 10 மணி என்றால் சென்னையில் இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. அப்போது தொடங்கும் கூட்டம் முடிந்து எழுபவரிடம் மிச்சம் இருப்பது கட்டைவிரலை நகர்த்தும் தெம்புதான். கூட்டத்தை நியூயார்க்கின் காலை எட்டு மணிக்கு நகர்த்தினால் அவருக்கு மாலையில் இரண்டு மணி நேரம் திரும்பக் கிடைக்கும். அதைக் கேட்டால் வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ளமாட்டார் என்கிறார்கள். கேட்டுப் பார்த்த பிறகு சொல்லட்டும்.