துன்பம் முடியும் முன்னே

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் கையில் வாக்குத்தத்த அட்டை இருக்கும். விடிந்ததும் அது சுவரில் ஏறிவிடும். அந்த அட்டைகளில் அதிகம் அச்சாகும் வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. உங்களைக் குறித்து நான் நினைத்திருப்பது நன்மையே என்று கடவுள் உறுதி சொல்லும் இடம். அதற்கு முந்தின வசனத்தை யாரும் அட்டையில் போடுவதில்லை. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்கள் ஊர் திரும்ப எழுபது ஆண்டு செல்லும் என்கிறது அது. எரேமியாவின் கடிதம் வாசிக்கப்பட்டபோது கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களில் பெரும்பாலோர் அந்த நாளைப் பார்க்கப்போவதில்லை. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள் என்று அதே கடிதம் சொல்வது அதனால்தான்.

துன்பத்தில் கடவுளின் நன்மையை நம்புவது பற்றிக் கிறிஸ்தவர்கள் எழுதியும் பாடியும் வைத்திருப்பவை ஏராளம். அவற்றை நான் ஒரே ஒரு கேள்வி வைத்துப் பிரித்துப் பார்க்கிறேன்: துன்பம் முடிந்தபின் எழுதியதா, முடியாதிருக்கும்போது எழுதியதா? நம் சபைகளில் செல்லுபடியாவது பெரும்பாலும் முதல் வகை. வேதாகமம் இரண்டாம் வகைக்கு விட்டிருக்கும் இடம் நாம் நினைப்பதைவிடப் பெரிது.

150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முறையீட்டுப் பாடல்கள் என்பது ஆய்வாளர்கள் பலர் ஒப்புக்கொள்ளும் கணக்கு. ஆறே வசனமுள்ள 13ஆம் சங்கீதம், எத்தனை நாள் இப்படி என்று கடவுளிடம் நான்கு தடவை கேட்டுவிட்டுத்தான் நம்பிக்கைக்கு வருகிறது. துக்க வீடுகளில் 23ஆம் சங்கீதம் தவறாமல் ஒலிக்கும். அதற்கு முன்னால் நிற்கும் 22 கைவிடப்பட்டவனின் அலறல். சிலுவையில் இயேசுவின் வாயில் வந்தது அதன் முதல் வரிதான். நாம் அதைப் பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனையில் நான்காம் வார்த்தைக்கு மட்டும் எடுத்துவிட்டு, திரும்பவும் மூடி வைத்துவிடுகிறோம். 88ஆம் சங்கீதம் இன்னும் கடினம். கடைசி வரி வரை இருட்டு. விடியல் வரவே இல்லை. ஆனாலும் சங்கீதங்களைத் தொகுத்தவர்கள் அதைத் தள்ளவில்லை, நல்லதாக ஒரு முடிவு கட்டி ஒட்டவும் இல்லை. இருட்டிலும் அதைப் பாடியவன் பேசிக்கொண்டிருப்பது கடவுளிடம்தான் என்பதே அவர்களுக்குப் போதுமான விசுவாசமாக இருந்திருக்கிறது.

சங்கீதங்களைப் போலவே யோபுவின் புத்தகத்தையும் நாம் பாதிதான் வாசிக்கிறோம். 42 அதிகாரங்களில் முதல் இரண்டும் கடைசிப் பகுதியும் பிரசங்கத்துக்குப் போதும். நடுவில் யோபு கடவுளை வழக்குக்கு அழைக்கும் நீண்ட பகுதியைப் பலர் தாண்டிவிடுவார்கள். கடைசியில் கடவுள் கோபிப்பது தமக்காக வாதாடிய நண்பர்கள்மேல். என்னைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபுவே என்கிறார். துக்கம் விசாரிக்கப் போய், எல்லாம் நன்மைக்கே என்று வாயெடுக்கும் முன் இந்த ஒரு வசனத்தை நினைத்துக்கொள்ளலாம்.

பாடல்களுக்கு வருவோம். தமிழ் லுத்தரன் சபைகளின் ஞானப்பாட்டுகளில் ஒரு பகுதி ஜெர்மனியிலிருந்து வந்தது. அந்த ஜெர்மன் பாடல்கள் பலவற்றின் பின்னணியில் 1618 முதல் 1648 வரை அந்நாட்டைச் சூறையாடிய முப்பதாண்டுப் போர் இருக்கிறது. அதில் வளர்ந்தவர் பால் கெர்ஹார்ட். அவருடைய ஐந்து பிள்ளைகளில் நால்வர் சிறுவயதிலேயே இறந்தார்கள். 1668இல் மனைவியும் போனார். அந்தத் துக்கத்தில்தான் வழியைக் கர்த்தரிடம் ஒப்புவிக்கும் பாடல் பிறந்தது என்று சொல்லிக்கொடுப்பது சுலபம். ஆனால் அது அச்சேறியது 1653இல், அவர் திருமணம் செய்ததோ 1655இல். போரைக் கண்டவர் எழுதினார். பிள்ளைகளின் சாவையும் மனைவியின் சாவையும் பிறகுதான் கண்டார். தாம் எழுதிக் கொடுத்த பாட்டுக்குள்ளேயே மீதி வாழ்க்கையை ஓட்ட வேண்டியிருந்தது அவருக்கு. ஜெர்மன் பாடல்களைத் தமிழாக்கி, வேதாகமத்தையும் மொழிபெயர்த்த ஃபாப்ரீசியஸ் கதையும் அப்படித்தான். சென்னை வேப்பேரியில் பல்லாண்டு உழைத்தவர் முதுமையில் கடனில் சிக்கிச் சிறைக்குப் போனார். 1791இல் இறந்தார். நம்பிக்கைப் பாடல்களைத் தமிழுக்குத் தந்தவரின் இந்தக் கடைசிப் பகுதியை நம் மேடைகள் அதிகம் சொல்வதில்லை.

மேடைகளுக்குப் பிடித்தவர் ஹொரேஷியோ ஸ்பாஃபோர்ட். 1873 நவம்பர் 22 அன்று அட்லாண்டிக்கில் கப்பல் மூழ்கி நான்கு மகள்களை இழந்த சிகாகோ வழக்கறிஞர். அதன்பின் என் ஆத்துமாவுக்கு எல்லாம் நலமே என்று எழுதியவர். பிரசங்கம் அங்கே நின்றுவிடும். பின்னால் பிறந்த மகனையும் 1880இல் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தது, பழைய சபையை விட்டு விலகி 1881இல் எருசலேமில் குடியேறியது எல்லாம் கதையின் அழகைக் கெடுக்கும் விவரங்கள். வில்லியம் கூப்பரைச் சொல்வது இன்னும் சங்கடம். கடவுளின் வழிகள் மறைவானவை, ஆனாலும் நல்லவை என்று பாடிய அந்த ஆங்கிலக் கவிஞர் 1773இல் மனம் குலைந்தார். கடவுள் தன்னைத் தள்ளிவிட்டார் என்ற எண்ணம் 1800இல் சாகும்வரை அவரை விடவில்லை. அவர் பாடலை ஆயிரக்கணக்கானோர் நம்பினார்கள், அவரால்தான் முடியவில்லை. இதற்காக அந்தப் பாடலின் மதிப்பு என் கணக்கில் குறையவில்லை.

உரைநடையில் துன்பத்துக்கு வெளியே நின்றும் உள்ளே நின்றும் எழுதியவர் எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ். 1940இல் வேதனை என்னும் புதிரை வாதத்தால் அவிழ்க்கப் பார்த்தார். மனைவி ஜாய் 1960இல் புற்றுநோயில் இறந்தபின் எழுதிய சிறு நூலை 1961இல் புனைபெயரில் வெளியிட்டார். முதல் நூலின் தர்க்கம் இரண்டாவதில் கிழிந்து தொங்குகிறது. வாதத்துக்கு முதல் நூல், கட்டில் அருகே வைத்துக்கொள்ள இரண்டாவது என்பேன்.

தமிழ்நாட்டு மண்ணிலேயே இரண்டாம் வகையை எழுதியவர் டோனாவூரில் குழந்தைகள் இல்லம் நடத்திய மிஷனெரி ஏமி கார்மைக்கேல். 1931இல் கீழே விழுந்து அடிபட்டவர் 1951இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் படுக்கையறையிலேயே கழித்தார். நோயாளிகளுக்கென்று நலமாயிருப்பவர்கள் எழுதி அனுப்பும் ஆறுதல் புத்தகங்கள் தனக்கு எட்டவில்லை என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். 1933இல் வந்த அவருடைய நூல் நோயிலிருப்பவர் நோயிலிருப்பவர்களுக்கு எழுதியது. வலி குறைந்தபின் எழுதலாம் என்று காத்திருக்காமல், வலி இருக்கும்போதே எழுதினார். அந்த அனுபவம் நாளாக நாளாகத் தூர விலகிவிடும் என்பதால் அப்போதே பிடித்து வைத்தார் போலும். அவருடைய கண்டிப்பையும் நிர்வாக முறையையும் பற்றி எனக்குக் கேள்விகள் உண்டு. இந்த நூல்மேல் எனக்குள்ள மரியாதை வேறு.

எல்லாத் துன்பத்தையும் ஒரே தட்டில் வைக்கவும் கூடாது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய பறட்டை என்ற தியாப்பிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தபோது, சாதியால் வரும் துன்பத்துக்கு மனிதரையே பொறுப்பாக்கினார். புற்றுநோயைச் சகித்துக்கொள் என்பது ஒன்று. சேரியில் வீடு எரிந்தவனிடம் கர்த்தர் உன்னைச் சோதிக்கிறார் என்பது வேறொன்று. இரண்டாவதைச் சொல்கிறவர் கடவுளின் நன்மைக்காகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, தீ வைத்தவனுக்காகப் பேசுகிறார்.

இத்தனை மரபு இருந்தும் நம் சபைகளில் சாட்சி நேரம் என்றால் இறந்தகாலத்தில்தான் பேச்சு. கட்டி இருந்தது, கரைந்தது. கடன் இருந்தது, தீர்ந்தது. ஸ்கேன் ரிப்போர்ட்டோடு மேடை ஏறுகிறவருக்கு மைக் கிடைக்கும். வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போய்வரும் அம்மாவை யாரும் முன்னால் அழைப்பதில்லை. அவருக்காக ஜெபிக்கக் குறிப்பு வாசிக்கப்படும், அவ்வளவுதான். குணமாகாமலே விசுவாசியாக இருப்பது எப்படி என்று சொல்ல அந்தச் சபையில் அவரைவிட்டால் ஆள் கிடையாது. சபை இதழ்கள் மாதம் ஒரு பக்கத்தை அவரைப் போன்றவர்களுக்கு ஒதுக்கட்டும். கட்டுரைக்கு நல்ல முடிவு கேட்டு அவர்களைத் தொந்தரவு செய்யாமல் இருந்தால் போதும்.